எந்த நாளின் கறுப்பு?

பிளாஸ்டிக் நீர்மூழ்கிக்கு நிஜக் கடற்படை வண்ணம் பூசுவது பொழுதுபோக்குத்தான். ஆனால் அதில் ஒரு வழக்கும் இருக்கிறது: கடல் அழித்தது எவ்வளவு, மனிதர்கள் திரும்பப் பூசியது எவ்வளவு?

அந்த மாடியறையில் கோடையிலும் மின்விசிறி ஓடாது. ஓடினால் தூசி பறந்து ஈர வண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். விசாகப்பட்டினத்துப் புழுக்கத்தில் வியர்வை வழிய, முகமூடி அணிந்து, கையில் ஏர்பிரஷ்ஷுடன் உட்கார்ந்திருக்கிறார் ஒரு தனியார் நிறுவனக் கணக்கர். நாற்பது வயது ஆகவில்லை. பகலில் வவுச்சர்கள், இரவில் நீர்மூழ்கிகள். எதிரே இரண்டு மரக் குச்சிகளின் மேல் நிற்கிறது ஐ.என்.எஸ். குர்சுரா. நீளம் 26 சென்டிமீட்டர். ஒரு சாணுக்குக் கொஞ்சம் அதிகம்.

நிஜமான குர்சுராவும் அதே ஊரில்தான் இருக்கிறது. ராமகிருஷ்ணா கடற்கரையில் மணலுக்கு மேலே தாங்கிகளில் அமர்ந்திருக்கும் அதன் நீளம் 91 மீட்டர். சோவியத் யூனியனில் கட்டப்பட்டது. 1969 டிசம்பரில் இந்தியக் கடற்படையில் சேர்ந்தது. 2001 பிப்ரவரியில் ஓய்வு பெற்றது. 2002 ஆகஸ்டிலிருந்து அருங்காட்சியகம். டிக்கெட் வாங்கிக்கொண்டு உள்ளே போகலாம். டார்பிடோக் குழாய்களையும், ஒருவர் பின் ஒருவராக மட்டுமே நடக்க முடிகிற இடைவழியையும், சுமார் 75 பேர் மாறிமாறித் தூங்கிய படுக்கைகளையும் பார்க்கலாம்.

அசல் இவ்வளவு பக்கத்தில் இருக்கும்போது மாதிரிக்கு வண்ணம் பூசுவதில் என்ன சிரமம்? கணக்கரும் அப்படித்தான் நினைத்தார். இப்போது அவர் பூசிக்கொண்டிருப்பது மூன்றாவது குர்சுரா. முதல் இரண்டையும் தேர்வில் தோற்கடித்தவர் பக்கத்து வீட்டுக்காரர். வயது எழுபதை நெருங்குகிறது. 1980-களில் இதே ரக நீர்மூழ்கிகளில் மின்பிரிவு மாலுமியாக இருந்தவர். பெயர் போட வேண்டாம் என்கிறார். 'பேசாமல் இருந்து பழகிய சர்வீஸ்' என்பது அவர் சொல்லும் காரணம்.

முதல் குர்சுரா பளபளவென்று கறுப்பாக இருந்தது. பெரியவர் அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “அழகாக இருக்கிறது பாபு. ஆனால் இந்தப் படகு இன்னும் கடலுக்குப் போகவில்லை” என்றார். நீர்மூழ்கியில் வேலை பார்த்தவர்களுக்கு அது கப்பல் அல்ல, எப்போதும் படகுதான்.

கறுப்பு கறுப்பல்ல

மாதிரி செய்பவர்கள் முதலில் கற்கும் பாடம் இது: அசலில் பூசிய அதே டப்பா வண்ணத்தைப் பூசினாலும் மாதிரி அசல் போல இருக்காது. குர்சுராவின் மாதிரி 350-இல் ஒரு பங்கு. அதை ஒரு அடி தூரத்தில், அதாவது 30 சென்டிமீட்டரில் வைத்துப் பார்ப்பது, நிஜப் படகை 105 மீட்டர் தூரத்திலிருந்து பார்ப்பதற்குச் சமம். அந்தத் தூரத்தில் நடுவே இருக்கிற காற்றும் ஈரமும் ஒளியைச் சிதறடிக்கின்றன. கறுப்பு வெளுத்துச் சாம்பலை நோக்கி நகர்கிறது. சிவப்பு மங்குகிறது. எனவே மாதிரிக்கு அசல் நிறத்தைவிடச் சற்று வெளிறிய நிறம் வேண்டும். சுத்தக் கறுப்பு பூசினால் பொம்மை.

மொழிபெயர்ப்பாளர்களுக்கு இந்தச் சங்கடம் புரியும். வார்த்தைக்கு வார்த்தை விசுவாசமாக இருந்தால் பொருள் பொய்யாகிவிடும்.

எனவே நீர்மூழ்கிக்கு வண்ணம் பூசுபவர் கறுப்பு டப்பாவை அப்படியே திறந்து ஊற்றுவதில்லை. கருஞ்சாம்பலில் தொடங்குகிறார். முதலில் பிளாஸ்டிக்கைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, அச்சிலிருந்து வந்த எண்ணெய்ப் பசையை நீக்குகிறார். பிறகு பிரைமர். அது காய்ந்ததும் தகடுகள் சேரும் கோடுகளில் மட்டும் அடர் கறுப்பு. அதன்மேல் கருஞ்சாம்பலை மெல்லிய படலங்களாகத் தெளிக்கும்போது கோடுகள் லேசாக நிழலாடும். மேல்தளத்தில், வெயில் விழும் இடங்களில் ஒரு துளி வெள்ளையோ பழுப்போ கலந்த சாம்பல். ஓரங்களில் ஒரு துளி நீலம். கண்ணுக்கு எல்லாம் கறுப்பாகவே தெரியும். ஆனால் அதற்குள் ஐந்தாறு கறுப்புகள் இருக்கும்.

நீர்மட்டத்துக்குக் கீழே கதை வேறு. கொட்டலசும் பாசியும் ஒட்டாமல் இருக்கக் கப்பலின் அடிப்பாகத்தில் நஞ்சு கலந்த பூச்சு பூசுவது பழைய வழக்கம். அந்த நஞ்சு பெரும்பாலும் தாமிர ஆக்சைடு. அதன் இயற்கை நிறமே செங்கல் சிவப்பு. பல கப்பல்களின் அடிப்பாகம் செம்பழுப்பாக இருப்பது யாரோ ரசித்துத் தேர்ந்தெடுத்த அழகு அல்ல, வேதியியல். ஒளிந்திருக்க வேண்டிய படகுக்குச் சிவப்பா என்று கேட்கத் தோன்றும். கடல்நீர் சிவப்பு ஒளியைத்தான் முதலில் விழுங்குகிறது. பத்து மீட்டர் ஆழம் போனால் செங்கல் நிறமும் கருமையாகிவிடும்.

கடைகளில் கிடைக்கும் ஜப்பானிய, ஸ்பானிய மாடல் வண்ணங்களுக்கு விலை அதிகம். எளிதில் தீப்பிடிக்கும் திரவங்களை விமானத் தபாலில் வரவழைக்கவும் முடியாது. எனவே கணக்கரின் மேசையில் கேம்லின் அக்ரிலிக் குப்பிகள்தான் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொன்றிலும் எத்தனை சொட்டு என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்திருக்கிறார். தொழில் புத்தி போகுமா?

கல்லுப்பு செய்த கோளாறு

'கடலுக்குப் போகாத படகு' என்ற தீர்ப்பு அவரைச் சுட்டது. இரண்டாவது குர்சுராவைக் கடலுக்கு அனுப்பித் திரும்பக் கொண்டுவந்தே தீருவது என்று இறங்கினார். அதற்கான வித்தைகள் இந்தக் கலையில் நிறைய உண்டு. மிகவும் எளியது உப்பு வித்தை. முதலில் துரு நிறம் பூச வேண்டும். அது காய்ந்ததும் தண்ணீர் தொட்டு உப்பைத் தூவ வேண்டும். அதன்மேல் கறுப்பைத் தெளித்துக் காயவிட்டு, உப்பைத் தேய்த்து உதிர்த்தால் அடியிலிருக்கும் துரு, புள்ளி புள்ளியாக எட்டிப் பார்க்கும். ஒழுங்கற்ற வடிவங்கள். கையால் வரைந்தால் வராத இயல்பு.

முதல் முயற்சியில் சமையலறைக் கல்லுப்பைப் போட்டார். மூன்று மில்லிமீட்டர்க் கல் ஒன்று, 350 மடங்கு பெருக்கினால் ஒரு மீட்டர். அதாவது படகின் உடலெங்கும் ஆள் நுழையும் அளவுக்குக் காயங்கள். மேசை உப்பை இன்னும் பொடி செய்து சலித்த பிறகே கணக்கு சரியானது. அதன்பின் எண்ணெய் வண்ணம் வந்தது. பக்கவாட்டில் தண்ணீர் புகுந்து வெளியேற வரிசையாக இருக்கும் துவாரங்களின் கீழ் ஒரு பொட்டு பழுப்பு வைத்து, தின்னரில் நனைத்த தூரிகையால் கீழ்நோக்கி இழுத்தால் துரு வழிந்த தடம். நீர்மட்டக் கோட்டில் பச்சைப் பொடி. டீசல் புகை வரும் இடத்தில் கரி. வேலை முடிந்தபோது குர்சுரா பல வருடம் கடலடியில் கிடந்து எழுந்து வந்தது போல இருந்தது. மாதிரிக்காரர் வட்டத்தில் எல்லோரும் பாராட்டினார்கள்.

பெரியவர் பாராட்டவில்லை. அவருக்குக் கோபம் வந்தது.

ஒரு துருத் தடத்தின் மேல் நகத்தை வைத்தார். ஒரு சென்டிமீட்டர். அப்படியானால் நிஜத்தில் மூன்றரை மீட்டர். “மூன்றரை மீட்டருக்குத் துரு வழியும்வரை நாங்கள் என்ன செய்துகொண்டிருந்தோம்?” என்று கேட்டார்.

கணக்கரிடம் பதில் இல்லை. பெரியவர்தான் சொன்னார். ஒவ்வொரு முறை கரை திரும்பியதும் கையில் சிப்பிங் சுத்தியலைக் கொடுத்துவிடுவார்கள். மின்பிரிவு, இயந்திரப் பிரிவு என்ற பேதமில்லை. துரு தட்டி, கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, ரெட் ஆக்சைடு அடித்து, அது காய்ந்ததும் கறுப்பு அடிக்க வேண்டும். வெயிலில் எஃகு சுடும். காதில் நாள் முழுவதும் சுத்தியல் சத்தம். மூன்றாம் நாள் துவாரங்களின் ஓரத்தில் மீண்டும் செம்மை தலைகாட்டும். மறுபடியும் பிரஷ்.

துருவேறிய மாதிரி கணக்கருக்கு யதார்த்தம். பெரியவருக்கு அது குற்றப்பத்திரிகை. வேலையைச் சரியாகச் செய்யவில்லை என்று எழுதி ஒட்டிய மாதிரி.

பழைய படங்கள் சொல்லும் பொய்

இந்தத் தகராறு விசாகப்பட்டினத்தோடு முடிவதில்லை. மாதிரிக்காரர்களுக்கு மிகவும் பிடித்த நீர்மூழ்கி, இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனி கட்டிய ஏழாம் ரக யு-போட். 700-க்கும் மேல் கட்டப்பட்டன. ஜெர்மானியக் கடற்படை ஒவ்வொரு சாம்பல் நிறத்துக்கும் எண் வைத்திருந்தது. வெளிர் சாம்பல் 50, கருஞ்சாம்பல் 51 என்று அட்டவணையே உண்டு. இருந்தும் குறிப்பிட்ட ஒரு படகு குறிப்பிட்ட ஒரு நாளில் என்ன நிறத்தில் இருந்தது என்பதில் இன்றுவரை சண்டை ஓயவில்லை.

காரணம், ஆதாரங்களில் பெரும்பாலானவை கறுப்பு வெள்ளைப் படங்கள். பழைய ரக பிலிம்களில் ஒன்று சிவப்பு ஒளியை உணராது. அதில் எடுத்தால் செங்கல் சிவப்பும் கறுப்பும் ஒன்றுபோல இருட்டாகவே விழும். நனைந்த சாம்பல் நிறம் காய்ந்த கறுப்பைவிடக் கருமையாகத் தெரியும். படம் பொய் சொல்லாது என்பது நிறத்தைப் பொறுத்தவரை செல்லாது.

மிஞ்சியிருக்கும் படகாவது சாட்சி சொல்லுமா? ஏழாம் ரகத்தில் இன்று முழுதாக மிஞ்சியிருப்பது ஒன்றே ஒன்று. ஜெர்மனியில் கீல் நகரத்துக்கு அருகே லாபோ கடற்கரையில், 1972 முதல் அருங்காட்சியகமாக நிற்கும் யு-995. போருக்குப் பின் அதை நார்வே கடற்படை பல ஆண்டுகள் பயன்படுத்தியது. கரையேறிய பின் மீண்டும் மீண்டும் வண்ணம் பூசப்பட்டது. அதன் இன்றைய நிறம் இன்றைய பராமரிப்பாளரின் நிறம். குர்சுராவுக்கும் அதே நிலைதான். உப்புக் காற்றிலிருந்து எஃகைக் காப்பதற்காகப் பூசிய வண்ணம், ரோந்து போன நாட்களைப் பற்றி எதுவும் சொல்லாது.

உத்தரவுகளும் மாறிக்கொண்டே இருந்தன. பசிபிக் போரின் தொடக்கத்தில் அமெரிக்க நீர்மூழ்கிகளுக்குக் கறுப்பு பூசினார்கள். பகலில் விமானத்திலிருந்து பார்ப்பவர் கண்ணுக்கு மறைய அது உதவியது. ஆனால் இரவில் கடல்மட்டத்தில் தாக்கும்போது வானத்தின் பின்னணியில் கறுப்பு தனித்துத் தெரிந்தது. பக்கவாட்டுகளுக்குச் சாம்பல் பூசினால் இருளில் கரைந்துபோகிறது என்று கண்டார்கள். தெளிந்த மத்தியதரைக் கடலில் பிரிட்டிஷ் நீர்மூழ்கிகளுக்கு அடர் நீலம். ஒவ்வொரு நிறமும் ஒரு பயத்துக்குக் கிடைத்த பதில்.

அந்தப் பயம் நியாயமானது. யு-போட்களில் பணியாற்றிய சுமார் 40,000 பேரில் ஏறக்குறைய 30,000 பேர் திரும்பவில்லை. அவர்கள் எந்த ஆட்சிக்காகப் போரிட்டார்கள் என்பதை மறக்க முடியாது. அந்த எண்ணிக்கையையும் மறைக்க முடியாது. சாம்பல் 50-ஆ 51-ஆ என்ற வாதத்துக்கு அடியில் அது கிடக்கிறது.

மிஞ்சியது ஒன்று

இந்தியாவுக்கு 1967 முதல் 1974 வரை இந்த ரகத்தில் எட்டுப் படகுகள் வந்தன. முதலாவது ஐ.என்.எஸ். கல்வரி. அது படையில் சேர்ந்த டிசம்பர் 8-ஆம் தேதிதான் இன்றும் கடற்படையின் நீர்மூழ்கி தினம். கடைசியாகக் கடலில் இருந்தவற்றில் ஒன்றான வாக்லி 2010-இல் ஓய்வு பெற்றபோது, அதை மாமல்லபுரத்தில் அருங்காட்சியகமாக்கத் திட்டமிட்டார்கள். அது கைகூடவில்லை. எட்டில் முழுதாக நிற்பது குர்சுரா மட்டுமே.

அதன்பின் வந்த சிந்துகோஷ் ரகத்தில் மாதிரிக்காரருக்கு வேறு சோதனை. 1986 முதல் சேர்ந்த இந்தப் படகுகளின் மேல் வெறும் வண்ணம் இல்லை. எதிரியின் சோனார் ஒலியை விழுங்கும் ரப்பர் ஓடுகள் ஒட்டப்பட்டிருக்கும். எனவே தகடு துருப்பிடிப்பதில்லை. ஓடு வெளுக்கிறது, சில இடங்களில் பெயர்ந்து விழுகிறது. ஓடு ஓடாக நிறத்தை மாற்ற வேண்டும். பொறுமையின் எல்லை.

இந்த ரகத்துப் படகுதான் சிந்துரக்ஷக். 2013 ஆகஸ்ட் 14-ஆம் தேதி நள்ளிரவு கடந்த வேளையில் மும்பையில் கடற்படைத் தளத்தில் வெடித்து மூழ்கியது. 18 பேர் இறந்தார்கள். ரஷ்யாவில் புதுப்பிக்கப்பட்டு அது நாடு திரும்பிச் சில மாதங்களே ஆகியிருந்தன. கணக்கரின் அலமாரியில் அதற்கும் ஒரு மாதிரி உண்டு. ஓடுகள் ஒன்றுகூடப் பெயராமல், வெளுக்காமல், புதுக்கருக்கோடு இருக்கிறது. வித்தை காட்ட அதில் எவ்வளவோ இடமிருந்தும் அவர் காட்டவில்லை. புதுப்பித்து வீடு திரும்பிய நாளின் நிறத்திலேயே நிறுத்திவிட்டார்.

எந்த நாள்?

அந்த மாதிரியைப் பார்த்தபோதுதான் கணக்கருக்கு விடை தெரிந்தது. ஒரு படகுக்கு நிஜ நிறம் என்று ஒன்று இல்லை. ஒரு நாளின் நிறம்தான் உண்டு. முதல் குர்சுராவில் கடல் இல்லை. இரண்டாவதில் ஆட்கள் இல்லை. மூன்றாவதைத் தொடங்கும் முன் பெரியவரிடம் போய்க் கேட்டார்: “எந்த நாள் அங்கிள்?”

பெரியவர் இரண்டு நாள் யோசித்தார். அணிவகுப்பு நாளைச் சொல்வார் என்று கணக்கர் எதிர்பார்த்தார். அவர் சொன்னது வேறு. ரோந்தின் மூன்றாவது வாரம், விடியற்காலை. பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றப் படகு மேலே வந்திருக்கிறது. மேல்தளத்திலிருந்து தண்ணீர் இன்னும் வடிந்துகொண்டிருக்கிறது. யாராவது ஒருவர் மூடி திறந்து தலையை வெளியே நீட்டினால் முகத்தில் காற்று அடிக்கும். குளிக்காத உடம்புகளும் டீசலும் சேர்ந்த நெடியிலிருந்து வெளியே வந்து இழுக்கிற முதல் மூச்சு. அது மாதிரி வாசனை அப்புறம் எந்தக் காற்றிலும் இல்லை என்றார். படம் எதுவும் இல்லையா என்றால், கேமராவை யார் உள்ளே விட்டார்கள் என்று திருப்பிக் கேட்டார்.

மூன்றாவது வாரம் என்றால் துரு இருக்கும், ஆனால் விரல்நுனி அகலத்துக்கு மேல் இருக்காது. புறப்படும் முன்தான் வண்ணம் அடித்திருப்பார்கள். நீர்மட்டத்தில் பாசி, தொட்டால் வழுக்கும் அளவுக்குத்தான். மேல்தளத்தில் ஆட்கள் நடக்கும் பாதையில் கறுப்பு தேய்ந்திருக்கும். காய்ந்த இடங்களில் உப்பு பூத்து வெளிறும். நனைந்த இடங்கள் மினுங்கும். துருவுக்காகக் கற்ற வித்தைகளில் பத்தில் ஒன்பது இதற்குத் தேவைப்படவில்லை. மிகவும் சிரமமாக இருந்தது ஈரம்தான். மங்கல் வார்னிஷ் பூசினால் படகு காய்ந்துவிடுகிறது. பளபளப்பு வார்னிஷ் பூசினால் பொம்மையாகிவிடுகிறது. இரண்டையும் கலந்து, மேலிருந்து கீழே தண்ணீர் வடியும் வழியாகப் பார்த்துப் பார்த்து இழுத்தார். ஒரு சாண் படகுக்கு மூன்று வாரம்.

கிட்டத்தட்ட முடிந்த நிலையில் பெரியவர் இன்னொரு திருத்தம் சொன்னார். கோபுரத்துக்குச் சற்றுப் பின்னால், வலது பக்கத்தில் ஒரு திட்டு வேறு கறுப்பாக இருக்க வேண்டும். கொஞ்சம் நீலம் ஓடின கறுப்பு. அளவு முக்கால் மீட்டர் இருக்கும். கணக்கர் பென்சிலை எடுத்துக் கணக்குப் போட்டார். இரண்டு மில்லிமீட்டர். அங்கே ஏன் நிறம் மாறியது, தகடு மாற்றினார்களா என்று கேட்டார்.

“இல்லை பாபு. பழைய டப்பா தீர்ந்துவிட்டது. புது டப்பாவில் நிறம் சேரவில்லை. அந்த இடம் நான் அடித்தது.”